வேங்கை பூக்கும் ரங்கூன்

மாசி, பங்குனி, சித்திரை. பழைய ரங்கூனான யாங்கூனைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த மூன்று மாதங்களைத்தான் நான் சொல்வேன். சுற்றுலா நடத்துகிறவர்கள் நவம்பர், டிசம்பர் என்பார்கள். குளிர் சுகமாக இருக்கும், வெயில் உறைக்காது, எல்லாம் சரிதான். ஆனால் ஊர்ச் சனங்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து, கூடிச் சமைத்து, பாடி ஆடிக் களிப்பதெல்லாம் மாசி பிறந்த பிறகுதான். அதற்குள் அறுவடை முடிந்து நெல் வீடு வந்திருக்கும். பிப்ரவரி கழிந்தால் பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை. பெருமழை மே மாதக் கடைசியில்தான் தொடங்கும். இடையில் கிடைக்கும் இந்த நாட்களே பர்மியர்களின் வசந்தம். அவர்களுடைய புத்தாண்டும் நம்முடையதைப் போலச் சித்திரையில்தான் பிறக்கிறது.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி தொடங்கி ஈஸ்டர் முடியும்வரை வேலை நிமித்தமாக அங்கே தங்கியிருந்தேன். வார நாட்கள் அலுவலகத்துக்கு, சனி ஞாயிறு நண்பர்களுக்கு என்று ஆகிவிட்டது. உடன் வேலை பார்த்த கரேன் இனத்துப் பெண் ஒருவர், இன்செயின் பகுதியில் ஒரு பாப்டிஸ்ட் சபையின் பாடகர் குழுவில் இருந்தார். அவர் மூலம் பழக்கமானவர் ஒரு பர்மாத் தமிழர். என்னைவிட வயதில் மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து நாகப்பட்டினம் போய்க் கப்பலேறி வந்தவர். இன்னொருவர் கணக்கெழுதும் வேலையில் இருந்த பர்மிய இளைஞர், பௌத்தர், எங்கே போனாலும் தோளில் கிதாரோடு வருகிறவர். இந்த மூவரோடும் சுற்றிய வார இறுதிகளில்தான் யாங்கூன் எனக்குப் பிடிபட்டது. அது கூடிப் பாடத் தெரிந்த ஊர். அங்கே மிச்சமிருக்கும் தமிழும் பாட்டில்தான் உயிரோடு இருக்கிறது. இந்த இரண்டையும் நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை என்றால் வட்ட ரயில். மத்திய ரயில் நிலையத்தில் ஏறி உட்கார்ந்தால், ஊரை முழுச் சுற்று சுற்றிக் காட்டிவிட்டு ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். 46 கிலோமீட்டர், ஏறக்குறைய நாற்பது நிலையங்கள், மூன்று மணி நேரம். சீட்டு அப்போது 200 கியாட், அன்றைய மதிப்பில் பத்து ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. அன்றைய பெட்டிகளின் சன்னல்களில் கண்ணாடி கிடையாது, கதவுகளை யாரும் மூடியதில்லை. இரு பக்கமும் நீளவாக்கில் பெஞ்சு. நடுவில் உள்ள இடம் முழுவதும் வியாபாரிகளுக்கு. அவித்த காடை முட்டை, மிளகாய்ப் பொடி தூவிய மாங்காய்க் கீற்று, சோளக்கதிர், வெற்றிலை என்று தலையில் தட்டோடு பெண்கள் வந்தபடி இருப்பார்கள். எல்லார் கன்னத்திலும் தனக்கா என்னும் மரப்பட்டையை அரைத்துக் குழைத்துப் பூசிய வெளிர்மஞ்சள் வட்டம்.

வண்டி வடக்கே தன்யின்கோன் நிலையத்தில் நின்றதும் பெட்டி சந்தையாக மாறிவிடும். தண்டவாளத்தை ஒட்டியே காய்கறிச் சந்தை. சன்னல் வழியாக மூட்டைகள் உள்ளே விழும், பின்னாலேயே அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் ஏறுவார்கள். வண்டி கிளம்பியதும் பெண்கள் தரையில் உட்கார்ந்து கீரையைப் பிரித்து, பழுத்த இலையைக் கிள்ளி எறிந்து, மூங்கில் நாரால் கட்டுக் கட்டாகக் கட்டத் தொடங்குவார்கள். நகரத்துக்குள் இறங்கும் முன்பு கட்டு முடிந்திருக்க வேண்டும். விரல்கள் ஓடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். "நம்ம புளிச்சக்கீரைதான் தம்பி. இவங்க மூங்கில் குருத்தும் இறாலும் போட்டு வதக்குவாங்க. ஒரு தடவை சாப்பிட்டா விடமாட்டீங்க" என்றார் அண்ணன். மதியமே சாப்பிட்டேன். அவர் சொன்னது சரி.

அந்தப் பெட்டியில்தான் பர்மியர்களின் பாட்டுப் பழக்கத்தை முதலில் பார்த்தேன். கணக்கர் தம்பி கிதாரை எடுத்து மெல்ல மீட்டினார். எதிரே இருந்த கல்லூரிப் பையன்கள் யாரும் கேட்காமலே சேர்ந்துகொண்டார்கள். கீரை கட்டிய அம்மாள் ஒருவர் தலை நிமிராமல் கூடவே முணுமுணுத்தார். மெட்டு எனக்குத் தெரிந்த ஆங்கிலப் பாட்டின் மெட்டு, சொற்கள் பர்மியம். இப்படி வெளிநாட்டு மெட்டுக்குப் பர்மியச் சொல் கட்டிப் பாடுவதற்கு 'காப்பி தச்சின்' என்று பெயர். பல பத்தாண்டுகள் வெளியுலகத்திலிருந்து ஒதுங்கிக் கிடந்த நாட்டுக்கு உலக இசை இந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அந்த மேடைகளில் கிதாரும் டிரம்ஸும் வாசித்தவர்களில் கரேன், கச்சின், சின் இனத்துக் கிறித்தவர்கள் பலர். அவர்கள் முதன்முதலில் கிதாரைத் தொட்டது தேவாலயத்தில். மக்கள்தொகையில் கிறித்தவர்கள் சுமார் 6 சதவீதம்தான் என்றாலும், பர்மாவின் பாப் இசையில் அவர்கள் பங்கு அதைவிடப் பல மடங்கு பெரியது.

பிப்ரவரி 11 லூர்து மாதா திருநாள். அந்த ஆண்டு அது சனிக்கிழமையில் வந்தது. யாங்கூனிலிருந்து வடக்கே மண்டலே போகும் பழைய சாலையில், பகோ நகரைத் தாண்டிப் போனால் நியாங்லெபின் என்ற சிற்றூர். நாடு முழுவதிலிருந்தும் யாத்ரிகர்கள் வரும் லூர்து மாதா திருத்தலம் அங்கேதான் இருக்கிறது. அண்ணனின் உறவினர்கள் வேன் பிடித்திருந்தார்கள். எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். பொழுது விடியும் முன்பே புறப்பட்டுவிட்டோம். வழியெல்லாம் அறுத்த வயல்கள், அவற்றின் நடுவே தனித்து நிற்கும் பனைகள். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் போகிறோமோ என்று தோன்றும்படியான நிலம். இந்த வயல்களைத் திருத்தியவர்களில் நம்மவர்கள் ஏராளம். பகோ வட்டாரத்தில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் உழுது பிழைக்கின்றன.

திருத்தலத்தில் வேளாங்கண்ணியின் செப்டம்பர் எட்டாம் தேதியைப் போன்ற கூட்டம். மெழுகுவத்தியும் மல்லிகைச் சரமும் கையில் வைத்துக்கொண்டு கரேன் பாட்டிகள், பர்மியக் குடும்பங்கள், நெற்றியில் திருநீறோடு தமிழ்ப் பெண்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். யாரும் யாரையும் எந்த மதம் என்று கேட்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னே நின்ற ஆத்தாள், சேலையை லோஞ்சி என்னும் பர்மியக் கைலிக்கு மேல் சுற்றியிருந்தார். பர்மியத்தில் பேரனை அதட்டினார், கெபியின் முன் வந்ததும் தமிழில் வேண்டிக்கொண்டார். திரும்பும் வழியில் வேனுக்குள் மாதா பாட்டு ஆரம்பித்தது. முதல் பாட்டு தமிழ், அடுத்தது பர்மியம், பிறகு எம்.ஜி.ஆர். படப் பாட்டு. பகோ வரும்வரை ஓயவில்லை.

மார்ச் மாதம் துறவுச் சடங்குக் காலம். பள்ளி விடுமுறையில் பௌத்தக் குடும்பங்கள் தங்கள் பையன்களுக்கு இளவரசன் வேடமிட்டு ஊர்வலம் விட்டு, தலையை மழித்து மடத்தில் சேர்ப்பார்கள். பையன் சில நாட்கள் துறவியாக இருந்துவிட்டு வீடு திரும்புவான். கணக்கர் தம்பியின் அக்கா மகனுக்கு அந்தச் சடங்கு. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலில் சைங் வாயிங் என்னும் பர்மிய மேளக் கச்சேரி.

நேரம் இருந்ததால் கச்சேரிக்கு முன்பே போய்விட்டோம். அது நல்லதாயிற்று. பொன் பூச்சுப் பூசிய, வேலைப்பாடு மிகுந்த வட்ட மரச்சட்டம். அதன் உள்பக்கம் பெரிதிலிருந்து சிறிதாக 21 மத்தளங்கள் தொங்குகின்றன. நடுவில் ஒரே ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும். அவர் பக்கத்தில் ஒரு கிண்ணம். சோற்றையும் மரச்சாம்பலையும் பிசைந்து வைத்த கரும்பசை அதில் இருந்தது. ஒரு மத்தளத்தைத் தட்டிக் கேட்பார், பசையைக் கிள்ளித் தோலின் நடுவில் அப்புவார், மறுபடி தட்டுவார், கொஞ்சம் வழித்தெடுப்பார். சுருதி சேர்ந்ததும் அடுத்த மத்தளம். நம் மிருதங்க வித்வான்கள் தொப்பியில் ரவையைக் குழைத்து ஒட்டுவது நினைவுக்கு வராமல் இருக்குமா? இருபத்தொன்றையும் சேர்த்து முடித்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. பிறகு ஹ்னே என்னும் ஊதுகுழல், நாகசுரத்தைப் போலவே பந்தலை நிறைத்துக்கொண்டு எழுந்தது. மத்தளங்கள் பேசத் தொடங்கின. தாள வாத்தியத்தில் மெட்டு வாசிக்கிறார்கள்! கேட்டுப் பழகாத காதுக்கு முதலில் குழப்பமாக இருக்கும், சிறிது நேரத்தில் பிடி கிடைத்துவிடும்.

இடைவேளையில் இளம்பெண் ஒருவர் சவுங் வாசித்தார். வில் போல வளைந்த தண்டு, தோணி போன்ற குடம், அதன்மேல் மான்தோல், 16 நரம்புகள். மடியில் வைத்து மீட்டுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் படித்த யாழ் நம் நாட்டில் வழக்கொழிந்து போயிற்று. விபுலானந்த அடிகள் தம் வாழ்நாளின் பெரும் உழைப்பைச் செலவிட்டு 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டு அதை மீட்டெடுக்க முயன்றார். அந்த வில்யாழின் நேரடி உறவினர் கடல் தாண்டிய மண்ணில், ஒரு தெருப் பந்தலில், சாதாரணச் சடங்கு வீட்டில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பழைய இந்திய வில்யாழ் வடிவத்திலிருந்து வந்ததுதான் சவுங் என்பது இசை வரலாற்றாசிரியர்கள் ஒப்பும் செய்தி. தமிழிசையில் அக்கறை உள்ளவர்கள் ஒருமுறையாவது இதை நேரில் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயங்களுக்கு. யாங்கூன் நகர மையத்தில் நடந்தே பல ஆலயங்களைப் பார்த்துவிடலாம். பன்னாட்டு வணிகர்கள் வந்து குடியேறிய துறைமுகம் அல்லவா? ஆர்மீனியர்கள் 1862இல் கட்டிய புனித யோவான் ஆலயம்தான் ஊரில் நிற்கும் மிகப் பழைய தேவாலயம். போஜோக் சந்தையை ஒட்டிச் செங்கல் சிவப்பும் வெள்ளைக் கோடுமாக நிற்கிறது ஆங்கிலிக்கன் சபையின் பரிசுத்த திரித்துவப் பேராலயம். 1886இல் வைஸ்ராய் டஃபரின் பிரபு அடிக்கல் நாட்டினார். வரைபடம் தந்தவர் ராபர்ட் சிஷோம். மெரினா கடற்கரை எதிரே செனட் ஹவுஸைக் கட்டிய அதே சிஷோம்தான். சென்னையில் இருந்தபடி ரங்கூனுக்கு வரைந்திருக்கிறார். இரண்டாம் உலகப்போரில் ஊரைப் பிடித்த ஜப்பானியப் படை இந்த ஆலயத்தைச் சாராயம் வடிக்கும் இடமாக்கியது. போர் முடிந்ததும் அதைக் கழுவித் துடைத்து மறுபடி வழிபாடு தொடங்கினார்கள்.

கிழக்கே போ அவுங் சோ வீதியில் கத்தோலிக்கர்களின் புனித மரியன்னைப் பேராலயம், இரட்டைக் கோபுரத்தோடு. நாட்டிலேயே பெரியது, டச்சுக் கட்டடக் கலைஞர் யோஸ் குய்பர்ஸ் வரைந்தது. நான் ஊர் திரும்பிய பிறகு, அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, போப் பிரான்சிஸ் இங்கே இளைஞர்களுக்காகத் திருப்பலி நிறைவேற்றினார். பர்மாவுக்கு ஒரு போப் வந்தது அதுவே முதல் தடவை. சுலே பகோடாவின் அருகே, மகாபந்துலா பூங்காவைப் பார்த்தபடி இம்மானுவேல் பாப்டிஸ்ட் ஆலயம். போரில் சிதைந்து 1952இல் மீண்டும் எழுந்தது. அதன் வாசலில் நின்றால் பொன் தூபியும் பள்ளிவாசல் மினாராவும் சிலுவையும் ஒரே பார்வையில் அடங்கும்.

பர்மாவின் கிறித்தவத்துக்கும் சென்னைக்கும் உள்ள தொடர்பு கட்டடங்களுக்கு முந்தியது. அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன் 1813 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் 'ஜார்ஜியானா' என்ற கப்பல் ஏறி ஜூலையில் ரங்கூன் வந்து இறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற ஆறு ஆண்டுகள் ஆயின. அவர் 1834இல் மொழிபெயர்த்து முடித்த பர்மிய பைபிளை இன்றும் பல சபைகளில் வாசிக்கிறார்கள். கரேன் மக்களிடையே கிறித்தவம் வேகமாகப் பரவியது, கூடவே நாற்குரலில் பாடும் பழக்கமும் பரவியது.

இன்செயின் சபையில் அதைக் கேட்டேன். பாடகர் குழுவின் கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தில் ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பு இல்லை. எழுத்தால் அச்சிட்ட 'டோனிக் சோல்ஃபா' சுரங்கள்தான் இருந்தன. பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் பாடகர் குழுவில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த முறை. வயலில் வேலை பார்க்கும் ஆளும் பள்ளிப் பிள்ளையும் இந்த எழுத்தைப் பார்த்தே தன் குரலுக்குரிய சுரத்தைப் பிடித்துவிடுகிறார்கள். பலகைச் சுவர் கொண்ட சாதாரண மண்டபம், மின்விசிறி ஓடவில்லை. ஆனால் ஆண்களின் அடிக்குரல் எழுந்தபோது உட்கார்ந்திருந்த பெஞ்சு அதிர்வதைக் கையால் உணர்ந்தேன்.

தமிழ் ஆராதனைக்கு அண்ணன் அழைத்துப் போனார். நகரத்தின் நெரிசலான ஒரு தெருவில் சின்ன ஆலயம். ஆர்மோனியம், தபேலா, பின்னால் ஓர் எலெக்ட்ரிக் கிதார். கீர்த்தனை தொடங்கியது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் சரபோஜி மன்னர் காலத்தில் கட்டிய கீர்த்தனைகள் தமிழர் போன இடமெல்லாம் போயிருக்கின்றன. இங்கேயும் ராகம் பிசகாமல் பாடினார்கள். எனக்குப் பக்கத்தில் பதினாறு பதினேழு வயதுப் பெண். சத்தமாக, தெளிவாக, சொல் சொல்லாகப் பாடினாள். அவள் கையில் இருந்த நோட்டை எட்டிப் பார்த்தேன். தமிழ்ப் பாட்டு முழுவதும் வட்ட வட்டமான பர்மிய எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு சொல்லின் மேலும் பென்சிலால் பர்மியப் பொருள் குறித்திருந்தாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. வீட்டில் பேசுவது பர்மியம். ஆனால் அந்த நோட்டில் பக்கம் பக்கமாகத் தமிழ் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் பின்கட்டில் சாப்பாடு. பிரியாணி, தயிர்ப் பச்சடி, பெரிய கெட்டிலில் பால் தேநீர். "எந்த ஊருப்பா?" என்று கேட்டார் ஒரு பாட்டியம்மா. சொன்னேன். "அங்கனதான் எங்க அய்யாவுக்கும் சொந்த ஊரு. நான் பாத்ததில்ல. அறுபத்து நாலுல என் அண்ணன் கப்பலேறிப் போச்சு. நான் இங்கயே கட்டிக்கிட்டு இருந்துட்டேன்" என்றார். பிறகு என் இலையில் இன்னொரு கரண்டி பிரியாணி விழுந்தது.

அந்த அறுபத்து நான்கின் கதை நம்மில் பலருக்கும் தெரியும். 1931 மக்கள்தொகைக் கணக்கில் ரங்கூன்வாசிகள் சுமார் 4 லட்சம் பேர். அவர்களில் 2,12,000க்கும் அதிகமானவர்கள் இந்தியர்கள், அதாவது பாதிக்கும் மேல். நகரத்தார் வட்டிக்கடைகள் மொகல் தெருவில் வரிசையாக இருந்தன. வெ. சாமிநாத சர்மா அங்கிருந்துதான் 'ஜோதி' இதழை நடத்தினார். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டு விழத் தொடங்கியதும் லட்சக்கணக்கானோர் காட்டு வழியே நடந்து ஊர் திரும்பினார்கள், சர்மாவும் நடந்தார். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். 1962இல் ராணுவ ஆட்சி வந்தது, 1964இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின, மறுபடி கப்பல்கள் நிறைந்தன. சென்னை பர்மா பஜாரும், தெருவோர அத்தோவும், பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும் அந்தக் கப்பல்களில் வந்தவை. திரும்பி வந்தவர்களைப் பற்றி நாம் கொஞ்சமாவது பேசியிருக்கிறோம். தங்கிவிட்டவர்களை நினைப்பதே இல்லை. தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் போய்விட்டன, அச்சகங்கள் போய்விட்டன. காளி கோயிலிலும் பெருமாள் கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் கூடுகிற வழக்கம் மட்டும் நிலைத்தது. மொழியைக் காப்பாற்றியது அந்தக் கூட்டம்தான்.

ஏப்ரல் பிறந்ததும் ஊரெங்கும் ஒரே பேச்சு: திங்யான். பர்மியப் புத்தாண்டுக்கு முன் வரும் தண்ணீர்த் திருவிழா. 2017இல் காலண்டர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ஏப்ரல் 13 முதல் 16 வரை திங்யான். 14 நம் தமிழ்ப் புத்தாண்டு, அன்றே புனித வெள்ளி. 16 ஈஸ்டர். வெள்ளியன்று ஆலயத்துக்குப் போகும் வழியில் தெருவுக்குத் தெரு மேடை, ஒலிபெருக்கி, ரப்பர் குழாயில் தண்ணீர். கருப்பும் வெள்ளையும் உடுத்தி பைபிளோடு வந்த எங்கள் கூட்டத்தைக் கண்டதும் குழாய் பிடித்த பையன்கள் தாங்களாகவே குழாயைத் தாழ்த்தி வழிவிட்டார்கள். அந்த மரியாதையை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, அக்கம்பக்கத்தில் சேர்ந்து வாழ்ந்து வந்த பழக்கம் அது.

ஞாயிறு விடியற்காலையில் இன்செயினில் உயிர்ப்பு ஆராதனை. இருட்டிலேயே கரேன் இளைஞர்கள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போனார்கள், பின்னால் கிதாரோடு எங்கள் பௌத்த நண்பர். சூரியன் எழும்போது திறந்த வெளியில் நாற்குரல் எழுந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எங்களை விட்டுவைக்கவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டியது. பாடகர் குழுத் தோழி, பாட்டுப் புத்தகத்தை மட்டும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு முழுக்க நனைந்தார்.

திங்யானுக்கென்று ஒரு பூ உண்டு, படௌக். கோடையின் முதல் மழை விழுந்ததும் மரம் முழுவதும் ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்து, மறுநாளே உதிர்ந்துவிடும். பெண்கள் கொத்தாகக் கொண்டையில் செருகிக்கொள்வார்கள். சங்கப் பாடல்களில் நாம் படித்த வேங்கையின் இனத்தைச் சேர்ந்த மரம்தான் அது. குறிஞ்சி நிலத்துப் பெண்கள் சூடிய பூவின் உறவை யாங்கூன் பஸ் நிறுத்தங்களில் நிற்கும் பெண்கள் இன்றும் சூடுகிறார்கள்.

திங்யானில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு, தங்யாட். மத்தளத்தோடு ஒருவர் சொல்ல, குழு திருப்பிச் சொல்லும் கேலிப் பாட்டு. அதிகாரத்தில் இருப்பவரைக் கிண்டல் செய்யும் உரிமை புத்தாண்டில் மக்களுக்கு உண்டு என்பது பழைய மரபு. ராணுவம் நீண்ட காலம் அதற்குத் தடை விதித்திருந்தது. தடை விலகிய பிறகும், 2019 திங்யானில் ராணுவத்தைக் கேலி செய்து பாடியதற்காக 'மயில் தலைமுறை' என்ற குழுவின் இளைஞர்களைக் கைது செய்து சிறையில் வைத்தார்கள். பாட்டுக்கு அங்கே அவ்வளவு விலை.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் மறுபடி ஆட்சியைப் பறித்தது. எதிர்த்து எழுந்த மக்கள் தங்கள் போராட்டத்துக்கு 'வசந்தப் புரட்சி' என்று பெயரிட்டார்கள். சுலே பகோடாவைச் சுற்றிக் கூடிய கூட்டம் 1988ஆம் ஆண்டு எழுச்சியில் பிறந்த பாட்டையே மறுபடி பாடியது. அதுவும் ஆங்கில மெட்டுக்குச் சொல் கட்டிய காப்பி தச்சின்தான். பிறகு துப்பாக்கிச் சூடு, கைது, உள்நாட்டுப் போர். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தினார்கள், இளைஞர்கள் எல்லை தாண்டத் தொடங்கினார்கள். 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் நிலநடுக்கம் மண்டலேயையும் சகாயிங்கையும் சிதைத்தது.

நண்பர்களோடு தொடர்பு அறுந்துவிடவில்லை. கணக்கர் தம்பி தாய்லாந்தில் இருக்கிறார். கரேன் தோழி சபையை விடவில்லை. குழுவில் ஆண் குரல் குறைந்துவிட்டது, அடிக்குரலுக்கு இரண்டு பெரியவர்கள்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒரு ஞாயிறுகூடப் பாட்டு நிற்கவில்லை என்று எழுதியிருந்தார். மின்சாரம் இல்லாத நேரமே அதிகம் என்பதால் ஆராதனையைக் காலையிலேயே முடித்துவிடுகிறார்களாம். அண்ணனும் தமிழ்ச் சபையில் பிள்ளைகளுக்குக் கீர்த்தனை சொல்லித் தருகிறார். "எழுத்து சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல தம்பி. பாட்டுன்னா பிள்ளைங்க வருது" என்றார்.

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பர்மாவிலிருந்து திரும்பிய பெரியவர்கள் இருந்தால், அவர்களிடம் உட்கார்ந்து அந்தக் கதையையும் அங்கே பாடிய பாட்டையும் கேளுங்கள், பதிந்து வையுங்கள். அறுபத்து நான்கில் வந்த பிள்ளைகளே இப்போது அறுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். இரண்டாவது, சண்டை ஓய்ந்து வழி திறந்ததும் யாங்கூனுக்குப் போங்கள், மாசிக்கும் சித்திரைக்கும் இடையில், ஒரு ஞாயிறாவது கைவசம் இருக்கும்படி போங்கள். பையில் ஒரு தமிழ் அரிச்சுவடியும் ஒரு கீர்த்தனைப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ, நம்மவர்கள் கூடும் இடத்தில் போய் உட்கார்ந்து கூடச் சேர்ந்து பாடுங்கள். அவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.